ஆறு கறுத்தது, கட்டுரை தெளிந்தது!

‘ஓர் ஆற்றங்கரையில் மாலைப்பொழுது.’ ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு ஆங்கிலக் கட்டுரைக்கென நான் கொடுத்த தலைப்பு இது. 42 ஏடுகள் என் மேசைக்கு வந்தன. 41 ஏடுகளிலும் ஒரே ஆறு ஓடிற்று! பளிங்கு போன்ற நீர், துள்ளி விளையாடும் மீன், கரையெங்கும் பசும்புல், கானம் பாடும் குயில், கடைசி வரியில் இயற்கை அன்னைக்கு ஒரு வணக்கம்! சொல்லுக்குச் சொல் ஒன்று. புள்ளிக்குப் புள்ளி ஒன்று. கைடில் அச்சுக் கோத்தவர் செய்த பிழையைக்கூட ஒரு பிள்ளையும் கைவிடவில்லை. பாட்டன் சொத்தைப் பாதுகாப்பதுபோல் பாதுகாத்திருந்தனர்!

வகுப்பறையின் சன்னலைத் திறந்தால் தெரிவது பாலாறு. பெயரிலே பால், நடப்பிலே பாழ். அள்ளியது போக எஞ்சிய மணல், மணலை மூடிய முள், முள்ளுக்கிடையே நுரை தள்ளி ஊர்ந்து வரும் கறுத்த கால்வாய். அந்தப் பிள்ளைகளிற் பலர், மூக்கைப் பொத்திக்கொண்டு அதைத் தாண்டித்தான் நாள்தோறும் பள்ளிக்கு வருகின்றனர். தாண்டி வந்து, பலகையில் அமர்ந்து, பளிங்கு நீரைப் பற்றி ஆங்கிலத்திலே எழுதுகின்றனர்!

42-ஆவது ஏடு ஒரு மாணவியுடையது. தலைப்பை மட்டும் எழுதிவிட்டுப் பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தாள். ஏனம்மா என்று கேட்டேன். எழுந்து நின்று, தலை நிமிராமல், “சார், நம்ம ஆத்துத் தண்ணி கறுப்பாத்தானே இருக்குது. அப்படியே எழுதினா மார்க் குறைச்சிடுவாங்களா?” என்று கேட்டாள்.

தோழர்களே! கல்லூரிப் பட்டம் பெற்றவன் நான். கவிதையும் நாடகமும் கற்றவன். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல என்னால் இயலவில்லை. ‘குறைக்க மாட்டார்கள்’ என்று சொன்னால் அது பொய். ‘குறைத்துவிடுவார்கள்’ என்று சொன்னால் நான் ஏன் ஆசிரியன்? கண்ணால் கண்டதை எழுதினால் தண்டனை, காணாததை எழுதினால் வெகுமதி என்றொரு முறைக்குக் கல்வி என்றா பெயர்? அந்த முறையின் குற்றவாளிக் கூண்டில் முதலில் ஏறவேண்டியவன் நானே. தலைப்புத் தந்தவன் நான். 41 பொய்களுக்கும் மதிப்பெண் போடப் பேனாவைத் திறந்தவனும் நான்.

பொருளறியாது ஓதப்படும் மந்திரத்தைக் கண்டு நாம் நகைக்கிறோம். ஓதுகிறவருக்கும் புரியாது, கேட்கிறவருக்கும் புரியாது. ஆனாலும் தட்சிணை மட்டும் தவறாது என்று மேடைதோறும் பேசுகிறோம். சரி, ஆங்கிலத்தை நம் பள்ளிகள் எப்படிக் கற்பிக்கின்றன? ஓதுகிறான் மாணவன், பொருளறியாது. திருத்துகிறான் ஆசிரியன், மனம் வையாது. தட்சிணைக்குப் பதில் மதிப்பெண்! இது மொழிக் கல்வியா, புது வேதபாராயணமா? சமஸ்கிருதத்தைச் சிலருடைய நாவில் சிறை வைத்து மற்றவரைக் கும்பிட வைத்த அதே சூழ்ச்சி, நாம் அறியாமலே, ஆங்கிலத்தின் பேரால் நம் வீட்டுக்குள் நுழைந்துவிட்டதே! நகரத்துச் சீமான் வீட்டுப் பிள்ளைக்கு ஆங்கிலம் பேச்சு. நாட்டுப்புறத்து ஏழை வீட்டுப் பிள்ளைக்கு ஆங்கிலம் மந்திரம்.

உத்தரப் பிரதேசத்தில் பாங்கா என்னும் சிற்றூரில், 2010-ஆம் ஆண்டு, ஆங்கிலத்தைத் தேவியாக்கிக் கோவில் கட்டவே அடிக்கல் நாட்டினர். ஒடுக்கப்பட்ட மக்களின் ஏக்கம் அது. அதை நான் ஏளனம் செய்யமாட்டேன். ஆனால் நமக்குக் கும்பிட ஒரு தேவி வேண்டாம். கையில் பிடிக்க ஓர் உளி வேண்டும்.

ஆங்கிலத்துக்காக இந்த நாடு கொடுத்த விலை கொஞ்சமா? 1938-இல் இந்தித் திணிப்பை எதிர்த்துச் சிறை புகுந்தனர் தமிழர். 1939-இல் நடராசனும் தாளமுத்துவும் அந்தப் போரிலே உயிரீந்தனர். 1965-இல் மாணவர் படை தெருவுக்கு வந்தது, குண்டடி பட்டது. அதன் பின்னரே, 1967-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால், ஆங்கிலம் நீடிக்கும் என்னும் உறுதி கிடைத்தது. 1968 சனவரியில் தமிழக சட்டமன்றம் இருமொழிக் கொள்கையைத் தீர்மானமாக்கிற்று. தமிழ் எம் உயிர், ஆங்கிலம் உலகைக் காட்டும் சாளரம் என்றோம். சாளரத்தைக் காத்தோம், மெய்தான். அந்தச் சாளரத்தில் என்ன தெரிகிறது என்று எட்டிப் பார்த்தோமா?

மழலைப் பள்ளியில் முதற்பாட்டு, மழையைப் போ போ என்று விரட்டும் பாட்டு! ஆண்டெல்லாம் மழைத்துளிக்கு ஏங்கும் நாட்டில், கடவுள் வாழ்த்தை அடுத்த இடத்திலேயே வான்சிறப்பை வைத்த வள்ளுவன் பிறந்த நாட்டில், மூன்று வயதுக் குழந்தை கைதட்டி மழையை விரட்டுகிறது! குளிர் மிகுந்த இங்கிலாந்திலே வெயில் வேண்டிப் பாடினர். அது அவர்கள் சூழல். அவர்கள் பாடியதில் தவறேயில்லை. நாம் மொழியை வாங்கும்போது குளிரையுமா சேர்த்து வாங்கவேண்டும்? நம் சமவெளியில் முளைக்கவே முளைக்காத டாஃபடில் மலரைப் பற்றி நம் பாட்டன் உருப்போட்டான், தந்தை உருப்போட்டார். வேலியோரத்து ஆவாரம்பூவுக்கு ஆங்கிலத்திலே ஒரு வாக்கியம் எழுதென்றால் மூன்று தலைமுறையும் விழிக்கும்!

இலக்கணமாவது உருப்படியாக வந்ததா? செய்வினையைச் செயப்பாட்டு வினையாக்கிக் காட்ட வழக்கமாய் வரும் எடுத்துக்காட்டு எது? இராமன் இராவணனைக் கொன்றான். இராவணன் இராமனால் கொல்லப்பட்டான்! ஆங்கில இலக்கணத்திலும் அந்தக் கொலைதானா கிடைத்தது? கொன்றவன் பெருமையைத் திருப்பித் திருப்பி எழுதியே நம் பிள்ளைகள் வினையைக் கற்கின்றனர். கொல்லப்பட்ட ஆறு ஒன்று சன்னலுக்கு வெளியே கிடக்கிறதே, அதற்கு ஒரு வினைச்சொல் உண்டா?

பிள்ளை ஆங்கிலத்திலே எழுதும் முதற் கடிதம் விடுப்புக் கடிதம். வராத காய்ச்சல் வந்ததாகப் பணிவன்புடன் தெரிவிக்கும் கடிதம். முதற் கடிதமும் பொய், முதற் கட்டுரையும் பொய். இப்படிப் பத்தாண்டு பழக்கிவிட்டு, ‘நாட்டுப்புறத்து மாணவனுக்கு ஆங்கிலம் வராது’ என்று நாக்கூசாமல் சொல்கின்றனர். வராது, ஐயா, வராது! மொழி என்பது வாழ்வைப் பற்றிப் பேசப் பிறந்தது. வாழ்வைக் கழித்துவிட்டு மொழியை மட்டும் கொடுத்தால், உமியைக் குத்திக் கொடுத்து உண்ணச் சொன்ன கதைதான்.

வேறு வழி உண்டா என்று கேட்பீர்கள். வழி புதிதன்று, நம்முடையதேதான். பத்துப்பாட்டில் குறிஞ்சிப்பாட்டு என்றொரு பாட்டு உண்டு, 261 அடிகள், பாடியவர் கபிலர். எதற்குப் பாடினார்? ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவிக்கப் பாடினார் என்று ஏடு சொல்கிறது. வேற்று மொழிக்காரன் ஒருவனுக்குத் தமிழின் சிறப்பை உணர்த்த வேண்டும். கபிலர் என்ன செய்தார்? மலையைக் காட்டினார், அருவியைக் காட்டினார், தினைப்புனத்தைக் காட்டினார், 99 மலர்களை ஒவ்வொன்றாய்ப் பெயர் சொல்லிப் பாறைமேல் குவித்தார். ஒரு மொழிக்குள் ஒருவனை அழைத்துச் செல்ல அந்த மண்ணே வாசல் என்பதை அன்றே கண்டவன் தமிழ்ப் புலவன். நிலமும் பொழுதும் முதற்பொருள், மரமும் மாவும் புள்ளும் கருப்பொருள் என்று இலக்கியத்தையே நிலத்தின்மேல் நிறுத்தினார் தொல்காப்பியர். அந்த மரபில் வந்த நாம், அயல்மொழியைக் கற்பிக்கும்போது மட்டும் மண்ணை மறந்துவிட்டு கைடைக் கட்டிக்கொள்வானேன்?

வெறுமையாய் வந்த அந்த ஏடு என்னை உறுத்திற்று. மறுவாரம் பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துச் சென்றேன். கைடு கிடையாது, கையில் ஒரு குறிப்பேடு மட்டும். முதல் நாள், பெயர்ச்சொல்: கண்டதை எல்லாம் எழுதச் சொன்னேன். மணல், நுரை, குழாய், தோல்துண்டு, செத்த மீன், கொக்கு. தெரியாத சொல்லுக்கு அகராதியைப் புரட்டினர். ‘ஃபோம்’ என்னும் சொல்லை ஒருமுறைதான் சொன்னேன். கண்முன் நுரை மிதந்துகொண்டிருந்தது. இனி அவர்கள் அதை மறக்க வழியில்லை.

இரண்டாம் நாள், மூன்று புட்டிகளில் மூன்று நீர்: பள்ளிக் குழாய் நீர், வயற்கிணற்று நீர், கால்வாய் நீர். ‘டர்ட்டி, டர்ட்டியர், டர்ட்டியஸ்ட்’ என்று ஒப்பீட்டுப் படிகள் மூன்றையும் புட்டிகளே சொல்லிக் கொடுத்தன; எனக்கு வேலை மிச்சம். மூன்றாம் நாள், காலம்: வீட்டிலுள்ள முதியோரிடம் ஆறு அன்று எப்படி இருந்ததென்று கேட்டு வரச் சொன்னேன். ‘என் பாட்டி இந்த ஆற்றில் குளிப்பது வழக்கம்’. ‘என் தாத்தா ஊற்றுத் தோண்டிக் குடிநீர் எடுப்பது வழக்கம்.’ இறந்துபோன வழக்கத்தைச் சொல்ல ஆங்கிலத்திலே ‘யூஸ்டு டு’ என்றொரு தொடர் உண்டு. எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியும் ஏறாத அத்தொடர் அன்று ஒரே மாலையில் 42 பேருக்கும் ஏறிற்று. இறந்தகாலம் என்றால் என்னவென்று ஆறு கற்றுக்கொடுத்தது, தோழர்களே!

நான்காம் நாள்தான் உண்மையான பாடம். அலுவலக அறிக்கைகள் எழுதப்படும் பாணியில் சில ஆங்கில வாக்கியங்களைப் பலகையில் எழுதினேன். ‘கழிவுநீர் ஆற்றில் விடப்பட்டது.’ ‘நிலத்தடி நீர் மாசுபடுத்தப்பட்டது.’ ‘கிணறுகள் கைவிடப்பட்டன.’ எல்லாம் செயப்பாட்டு வினை. செய்வினையாக மாற்றுங்கள் என்றேன். எழுதத் தொடங்கிய பேனாக்கள் நின்றன. ஒரு சிறுவன் எழுந்தான்: “சார், ‘பை’யைக் காணோமே! யாரால என்று போடாம எப்படி சார் மாத்துறது?”

கண்டீர்களா! ஆங்கிலச் செயப்பாட்டு வினையிலே செய்தவனைக் காட்டுவது ‘பை’ என்னும் சிறு சொல். அதை விட்டுவிட்டாலும் வாக்கியம் நிற்கும், இலக்கணம் இடங்கொடுக்கும். குற்றம் நிற்கும், குற்றவாளி மறைவான்! அதிகாரத்தின் மொழி இந்த வசதியை விட்டுவைக்குமா? விடப்பட்டது, அழிக்கப்பட்டது, அகற்றப்பட்டது... யாரால்? ‘பை’ எங்கே? அன்று முதல் என் வகுப்பில் அதுவே முழக்கமாயிற்று: ‘பை எங்கே?’ அந்தப் பையைத் தேடிக்கொண்டே போனால் அது யாரோ ஒருவருடைய பணப்பையில் போய் முடியும் என்பதைப் பிள்ளைகளுக்கு நான் சொல்லவில்லை. அவர்களே கண்டு சிரித்தனர். இராமன் இராவணனைக் கொன்ற பாடத்தில் இந்தத் தெளிவு வருமா?

‘இதெல்லாம் விளையாட்டுத்தானே’ என்பவர்க்குச் சொல்வேன்: விளையாட்டன்று, வாழ்வா சாவா என்னும் வழக்கு. 28-8-1996 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கிலே தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் தொழிலின் கழிவால் தமிழகத்தின் தோல் தொழிற் பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பயிருக்கு ஒவ்வாமற் போயிற்று என்று அத்தீர்ப்பு பதிவு செய்கிறது. திண்டுக்கல் வட்டாரத்து 13 சிற்றூர்களில் 467 கிணறுகளில் 350 கிணறுகள் கெட்டன என்னும் கணக்கும் அதிலேயே இருக்கிறது. மாசுபடுத்தியவனே ஈடு செய்யவேண்டும் என்னும் நெறியை நாட்டின் சட்டமாக நிலைநிறுத்திய தீர்ப்பு அது. இந்திய நாடெங்கும் சட்டக் கல்லூரிகளில் அதை ஓதுகின்றனர். அயல்நாட்டு அறிஞரும் மேற்கோள் காட்டுகின்றனர். ஆனால் அந்தக் கிணற்றுக்குச் சொந்தக்காரன் அதைப் படித்ததுண்டா? அவன் மகன்? அவன் மகள்? தீர்ப்பு ஆங்கிலத்தில் இருக்கிறது. கிணறு தமிழ்நாட்டில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே கைடு இருக்கிறது!

இன்னும் கேளுங்கள். 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பெரிய ஆலையோ சுரங்கமோ வருமுன் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கவேண்டும். குறைந்தது 30 நாள் முன்னறிவிப்புத் தரவேண்டும். சுருக்கம் தமிழிலே வரும். நூற்றுக்கணக்கான பக்கம் கொண்ட முழு அறிக்கை வருவதோ ஆங்கிலத்தில். சுருக்கத்தைப் படித்தவன் சம்மதிப்பான். முழுவதையும் படித்தவன்தான் கேள்வி கேட்பான். அந்த அறிவிக்கையையே மாற்ற 2020-இல் ஒன்றிய அரசு ஒரு வரைவை வெளியிட்டது. ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்! கடலோரத்துத் தமிழனும் கருத்துச் சொல்லலாமாம். ஆனால் தமிழிலே படித்துவிட்டுச் சொல்லக்கூடாதாம்! அரசமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் வெளியிடுக என்று தில்லி உயர் நீதிமன்றம் 30-6-2020 அன்று ஆணையிட்டது. அதை நிறைவேற்றுவதற்கு மாறாக உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீட்டுடன் ஓடிற்று அரசு. மொழி என்பது மேடைப் பேச்சுக்கு மட்டும் உரிய பொருளன்று, தோழர்களே. தண்ணீர்க் குழாயைத் திறக்கவும் மூடவும் வல்ல திருகு அது.

“அப்படியானால் தமிழிலே தரச்சொல்லிப் போராடுவோம், எதற்கு ஆங்கிலம்?” என்று கேட்கும் தோழர் உண்டு. போராடுவோம், அதில் எனக்கு இரண்டு கருத்தில்லை. உயர் நீதிமன்றத்தில் தமிழ் ஒலிக்கவேண்டுமென்று 2006-இல் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் செய்தது, ஒப்புதல் வரவில்லை. வரும் வரையில் ஆறு காத்திருக்குமா? ஒரு கையில் உரிமைக் கொடி. மறு கையில் அகராதி. தமிழ் வேண்டும் என்று கேட்பதற்கும், ஆங்கிலத்தில் மறைத்ததைப் படித்துக் காட்டுவதற்கும் ஒரே பிள்ளைக்குத் திறம் வேண்டும். இதிலே முரண்பாடு எங்கே? ஆங்கிலத்தை அண்டை வீட்டுக்காரனாக ஏற்போம், வீட்டுக்காரனாக ஏற்கமாட்டோம். அந்த அண்டை வீட்டுக்காரனும் நம்மிடம் கடன் பட்டவன்தானே! கட்டுமரத்தைக் ‘கேட்டமரான்’ என்றும், சுருட்டைச் ‘செரூட்’ என்றும், மிளகுத்தண்ணீரை ‘முல்லிகட்டானி’ என்றும் வாங்கிக்கொண்டு போனவன் அவன். இதைச் சொன்னபோது என் மாணவர் முகத்தில் மலர்ந்த பெருமிதம் எந்த கைடிலும் கிடைக்காது.

இதனினும் கூரிய கேள்வி ஒன்று உண்டு. அதை நம்மவரே கேட்கவேண்டும், கேட்கின்றனர். “ஊர்ப் பிள்ளைக்கு ஊர்க் குளத்தைப் பாடமாக்குவது என்றால், குலக்கல்வி புது வேடம் போட்டு வருகிறதா?” நல்ல கேள்வி! 1953-இல் ஆச்சாரியார் கொண்டுவந்த திட்டம் நமக்கு மறக்குமா? மூன்று மணி நேரம் பள்ளி. மிச்ச நேரம் அப்பன் தொழில். வண்ணான் மகன் துறைக்கு, குயவன் மகன் சக்கரத்துக்கு! நாடு கொதித்தது, திட்டம் 1954-இல் குப்பைக்குப் போயிற்று. ‘சூழலோடு ஒட்டிய கல்வி’ என்னும் தேன் தடவிய சொல்லைக் கேட்டால் நமக்கு ஐயம் எழத்தான் வேண்டும். எழாவிட்டால் நாம் வரலாறு படிக்காதவர்கள்.

ஆனால் வேறுபாட்டைக் காணுங்கள். அந்தத் திட்டம் பிள்ளையைப் பள்ளியிலிருந்து பிரித்துத் துறைக்கு அனுப்பிற்று. நான் கேட்பது, துறையைப் பள்ளிக்குள் கொண்டுவந்து கேள்விக்கு உள்ளாக்குவதை. அது, ‘நீ பிறந்த இடத்திலேயே இரு’ என்றது. இது, ‘நீ பிறந்த இடம் ஏன் இப்படி இருக்கிறது?’ என்று உலக மொழியில் கேட்கச் சொல்கிறது. தோல் பதனிடும் தொழிலாளியின் மகனுக்குத் தோல் பதனிடக் கற்றுத்தருவது குலக்கல்வி. அந்தத் தொட்டியில் கலக்கும் குரோமியம் என்ன செய்யும் என்பதை ஆங்கில நூலிலே படித்து, ‘என் தந்தையின் கையில் ஏன் புண்?’ என்று கேட்கக் கற்றுத்தருவது விடுதலைக் கல்வி. ஆற்றங்கரையில் தொடங்குவது ஆற்றங்கரையிலேயே நிற்பதற்கன்று. பாலாற்றில் தொடங்கியவன் தேம்சுக்கும் போகட்டும்; 1858 கோடையில் இலண்டன் மாநகரம் அந்த ஆற்றின் நாற்றம் தாங்காமல் தவித்ததையும், பிறகே பெருஞ் சாக்கடைகளைக் கட்டியதையும் படிக்கட்டும். பளிங்கு போல் ஓடுவதாக நாம் உருப்போட்ட அவர்கள் ஆறும் நாறித்தான் கிடந்தது. மக்களும் அறிவியலும் மாற்றினர் என்றறிந்த பிள்ளை, தன் ஆறு கறுத்ததைத் தலைவிதி என்று கொள்ளாது.

இனி, போலிச் சுற்றுச்சூழலைப் பற்றியும் ஒரு சொல். சுற்றுச்சூழல் பாடம் பள்ளியில் இல்லாமலில்லை. 1991-ஆம் ஆண்டிலேயே மேத்தா தொடுத்த வழக்கில், அதைக் கட்டாயப் பாடமாக்க வழிசெய்யுமாறு உச்ச நீதிமன்றம் கூறியது. 2003-இல் மீண்டும் வலியுறுத்தியது. வந்தது என்ன? பெரும்பாலும் ஒரு சுவரொட்டி, ஒரு மரக்கன்று, ஒரு நிழற்படம், ‘இயற்கை அன்னையைக் காப்போம்’ என்று ஒரு வாசகம். அன்னையாக்கிப் பொட்டு வைத்துவிட்டால் கேள்வி கேட்க வேண்டாமல்லவா! 2019-இல் சென்னை ஏரிகள் வறண்டபோது, மழை வேண்டிக் கோவில்களில் யாகம் நடத்துமாறு அறநிலையத் துறையே சுற்றறிக்கை அனுப்பிற்று. ஏரியைத் தூர்த்தது மனிதன். சதுப்பு நிலத்தில் மாளிகை எழுப்பியது மனிதன். மன்னிப்பு மட்டும் வருணனிடமா? மழை ஏன் பெய்கிறது, ஏன் பொய்க்கிறது என்பதை ஆங்கிலத்திலே விளக்கும் ஒரு பத்தி, நூறு யாகத்தை நாணவைக்கும்.

தண்ணீரைப் பற்றிப் பேசிவிட்டுச் சாதியைப் பற்றிப் பேசாதவன் பாதி உண்மையே பேசுகிறான். சாக்கடை எந்தத் தெருவை நோக்கிச் சரிகிறது? குப்பைமேடு யாருடைய வீட்டுக்குப் பின்னால் வளர்கிறது? 20-3-1927 அன்று அம்பேத்கர் மகத் நகரத்துச் சவுதார் குளத்தில் இறங்கி ஒரு கை நீர் அள்ளிப் பருகினார். பொதுக்குளத்து நீரை மனிதன் பருகுவதற்கே ஒரு போராட்டம் வேண்டியிருந்தது. 95 ஆண்டு கடந்து, 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில் ஆதிதிராவிட மக்கள் பருகும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடந்தது கண்டு நாடு தலைகுனிந்தது. இவையும் சுற்றுச்சூழல் பாடமே. இவற்றை ஆங்கிலத்திலே எழுதக் கற்ற பிள்ளையின் குரல், ஊர் எல்லையோடு அடக்கப்படாது, உலகம் கேட்கும்.

“தேர்வு என்று ஒன்று இருக்கிறதே, ஆசிரியரே!” என்பீர்கள். இருக்கிறது. அதைத்தான் மாற்றச் சொல்கிறேன். காணாத ஊரைப் பற்றிக் கட்டுரை கேட்காதீர்கள். கண்ட ஊரைப் பற்றிக் கேளுங்கள். விடுப்புக் கடிதத்துக்குப் பதில், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு முறையீடு எழுதச் சொல்லுங்கள். கைடில் விடையே எழுத முடியாத கேள்வியைக் கேளுங்கள். ஊருக்கு ஒரு ஆறு, தெருவுக்கு ஒரு குழாய் இருக்கும்போது எந்த கைடு எல்லாவற்றுக்கும் விடை அச்சிடும்?

அரசு மாற்றும் வரையில் கைகட்டி நிற்கவும் வேண்டியதில்லை. நம் படிப்பகங்கள் எதற்கு இருக்கின்றன? நாளிதழைப் புரட்டிவிட்டு நாற்காலியை மடக்கிவைக்க மட்டுமா? கல்லூரியில் பயிலும் தோழனே! வாரத்தில் இரண்டு மாலை, ஊர்ப் பிள்ளைகளைப் படிப்பகத்துக்கு அழைத்து உட்காரவை. உன் ஊருக்கு அருகே வரப்போகும் ஆலையைப் பற்றிய ஆங்கில அறிவிப்பு ஒன்றே போதும், அதுவே பாடநூல். பத்து வாக்கியம் படி. பத்துச் சொல்லுக்குப் பொருள் காண். ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘பை எங்கே?’ என்று கேள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இலேயே வந்துவிட்டது. கேள்வியைத் தமிழிலேயே கேட்கலாம். பதிலோடு ஆங்கில ஆவணம் வந்தால் அதைப் படிக்க உன் மாணவன் இருப்பான். வேடந்தாங்கல் மக்கள் செய்ததை நினைத்துப் பார். தங்கள் ஏரிப் பறவைகளை வெள்ளைச் சிப்பாய்கள் சுட்டபோது, கலெக்டர் துரையிடம் முறையிட்டு, 1798-இல் காவல் உரிமையை எழுத்து மூலமாகவே பெற்றனர். எழுத்தின் வலிமையை ஏட்டறிவில்லாத உழவன் அறிந்திருந்தான். ஏடு படித்த நாம் அறியவேண்டாமா?

அந்த மாணவியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். பதினைந்து நாள் கழித்து, அதே தலைப்பில், பாதிப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். என் ஆறு கறுப்பு, என் பாட்டி அதில் குளிப்பது வழக்கம், நான் குளித்ததில்லை, யாரோ இதைச் செய்தார்கள், அவர்கள் பெயர் எனக்குத் தெரியவேண்டும். இவ்வளவுதான். சொற்குற்றம் ஐந்து இருந்தது. பொருட்குற்றம் ஒன்றும் இல்லை. மற்ற 41 ஏடுகளில் சொல்லெல்லாம் சரி, பொருளெல்லாம் குற்றம்!

வகுப்பிலேயே உயர்ந்த மதிப்பெண்ணை அதற்குத்தான் போட்டேன். ஆனால் பொதுத்தேர்வில் அவள் ஏடு என் கைக்கு வராது. முகம் தெரியாத ஒருவர் கைக்குப் போகும். அங்கேயும் அவள் தன் ஆற்றை எழுதுவாளா, கைடின் ஆற்றை எழுதுவாளா? உண்மை எழுதினால் மார்க் குறைச்சிடுவாங்களா என்னும் கேள்வி அங்கே இன்னும் உயிரோடு நிற்கிறது.

விடை சொல்லவேண்டியது நான் மட்டுமன்று, தோழர்களே. நாட்டின் கல்வியை நடத்துகிறவர்கள் சொல்லட்டும். சொல்லும்வரை நாம் கேட்போம்: ஆறு கறுக்கப்பட்டது, யாரால்? பிள்ளைகள் பொய் எழுதப் பழக்கப்பட்டனர், யாரால்?

பை எங்கே?